கன்னி மூலை அறை

"கப்பலோட முகத்தைக் கிழக்குன்னு வெச்சுக்குங்க," என்றான் அவன்.

கணினித் திரையில் கப்பலின் வரைபடம் விரிந்திருந்தது. சின்னச் சின்னக் கட்டங்களாக அறைகள்.

அவன் விரல் பின்பக்கம் போய், வலது ஓரக் கடைசிக் கட்டத்தில் நின்றது.

"அப்ப இதுதான் தென்மேற்கு. கன்னி மூலை. வாஸ்துப்படி எங்களுக்கு இந்த ரூம்தான் வேணும்."

ஆர்.எஸ்.புரத்து டிராவல்ஸில் வேலை பார்க்கும் மேகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நார்வே கப்பலுக்கு வாஸ்து கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

"கப்பல் திரும்பிக்கிட்டே இருக்குமுங்க சார். காலைல கன்னி மூலை, சாயங்காலம் ஈசானி மூலை ஆயிரும். நடுவுல, இடது பக்கமா எடுங்க. மலை, அருவியெல்லாம் பால்கனில உக்காந்தே பாக்கலாம்."

"இதுல?"

"இதுல என்ஜின் சத்தமுங்க. கத்தினாலும் கேக்காது. பக்கத்துல ரூமும் கிடையாது, துணி அடுக்கற ஸ்டோர்தான். பால்கனிக்கு நேர் கீழ கடலு."

"பரவால்ல. இதுவே இருக்கட்டும்."

பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி.

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாஸ்து என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

வீடு கட்டும்போது அவள் அப்பா வந்தார். கன்னி மூலை குடும்பத் தலைவன் படுக்கிற இடம் மாப்பிள்ளை, அதை மட்டும் பார்த்துச் செய்யுங்கள் என்றார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்ததோடு விடவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த மூலையிலேயே கக்கூஸைக் கட்டச் சொன்னான்.

அப்பா அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் ஊருக்குப் போனார்.

அப்படிப்பட்டவனுக்கு இன்று கன்னி மூலை வேண்டும்.

தீபாவளிக்கு முன்னால் விவாகரத்துக் கேட்டான். அவள் முடியாது என்றாள். "வேற வழி இல்லாமயா போயிரும்," என்றான்.

பொங்கலுக்குள் ஆளே மாறிப்போனான். பூ வாங்கி வந்தான். பழசையெல்லாம் மறந்துவிடலாம் என்றான். ஊட்டிக்குக்கூடக் கூட்டிப் போகாதவன், கடலுக்குக் கூட்டிப் போகிறேன் என்றான்.

நம்பினாள். இந்த நாற்காலியில் வந்து உட்காரும் வரைக்கும் நம்பினாள். அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இப்போதுதான் திரையில் அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள் மேகலாவிடம். "கன்னி மூலை குடும்பத் தலைவருக்குங்க. அந்த ரூமை அவருக்குப் போட்ருங்க. எனக்கு உள்பக்கமா, ஜன்னல் இல்லாத ரூம் ஒண்ணு குடுங்க."

"வேடிக்கை பாக்கப் போற கப்பல்ல ஜன்னல் இல்லாமயாக்கா?"

அவன் திரும்பினான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளை முகத்துக்கு நேராகப் பார்த்தான்.

அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கணக்குத் தப்பிப்போனவனின் யோசனை மட்டும் இருந்தது.

புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துக்கொண்டாள் மேகலா. சமாதானம் செய்துவைக்கப் பார்த்தாள்.

"ரூம் எங்க இருந்தா என்னக்கா? மேல் தளம் எல்லாருக்கும் பொதுதானுங்க. விடியறப்ப அங்க ஈ காக்கா இருக்காது. நீங்க ரெண்டு பேரும் மட்டும் கம்பியோரமா நின்னு பாக்கலாம்."

அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அதுவும் சரிதான். ரெண்டு ரூமாவே போடுங்க."

மேசைமேல் பாஸ்போர்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அடியில் இருந்தது அவளுடையது. மெல்ல இழுத்தாள்.

வரவில்லை. மேலே அவன் முழங்கை இருந்தது. அதை அவன் எடுக்கவில்லை.

இருக்கட்டும். ஆள் இல்லாமல் பாஸ்போர்ட் மட்டும் கப்பல் ஏறாது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். உக்கடம் போனால் பொள்ளாச்சி பஸ் நிற்கும். அப்பா வீட்டில் இருப்பார்.

வெளியே தெருவில் நல்ல வெயில். ஆட்டோக்கள், ஜனங்கள். கதவைத் தள்ளக் கை வைத்தாள்.

கண்ணாடியில், அவளுக்குப் பின்னால், அவனும் எழுந்துகொள்வது தெரிந்தது.