புதுப் புற்று

அன்று புற்றில் இருந்தவர்கள்: மேலறைச் செவ்வெறும்புகள் இருபது, கீழறைச் செவ்வெறும்புகள் இருபது, முட்டையிலேயே தூக்கிவந்து அடிமையாக்கிய கறுப்பெறும்புகள் ஒன்பது.

பக்கத்தில் புதுப் புற்று தயாராகியிருந்தது.

“அடிமைகளை அங்கும் கொண்டுபோவோம்,” என்றது கீழறை.

“இங்கே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கூடாது,” என்றது மேலறை.

“அவர்கள் சுமந்த தானியத்தைத் தின்றபோது இந்த நியாயம் எங்கே போயிருந்தது, சாமிகளா?”

“எங்க ஊருக்கு எந்தப் பக்கம் போகணும், அண்ணே?” என்று சுள்ளி என்ற கறுப்பெறும்பு கேட்டது. யாரும் திரும்பவில்லை. அதற்குள் ஒருவரையொருவர் கடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மாலையில் வாசலில் காவல் இல்லை. சுள்ளி தாராளமாகப் போகலாம். ஆனால் வழி தெரிந்தவர்கள் அதைத் தூக்கிவந்தவர்கள் மட்டுமே. ஒவ்வொரு உடலாகப் புரட்டி, மெதுவாகக் கேட்டுப் பார்த்தது. நாற்பதில் ஒருவரும் பேசவில்லை. நடுவில் சிக்கிச் செத்தவை போக, கறுப்பெறும்புகளில் மிச்சம் நான்கு.