கமிஷன் வாங்காத தரகர்

வராந்தாவில் மூன்று பேர் காத்திருந்தோம்.

"நீங்க என்ன பண்றீங்க?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"குழந்தைங்க காய்ச்சல்ல சாகாம இருக்க ஊர் ஊரா கொசுவலை கொடுக்கறோம். நீங்க?"

"எந்த உதவியில உயிர் பிழைக்குது, எதுல போட்டோ மட்டும் மிஞ்சுதுன்னு ஆராய்ச்சி பண்றேன். அட, உங்களைத்தான் தரகர் பார்க்கச் சொல்லிட்டே இருந்தார். எனக்குத்தான் நேரம் வாய்க்கல."

தரகர் என்பது அவரைத் தெரிந்தவர்கள் வைத்த பெயர். பணம் இருப்பவரை வேலை தெரிந்தவரோடும், வேலை தெரிந்தவரை மருந்து இருப்பவரோடும் சேர்த்துவைப்பார். கமிஷன் மட்டும் கிடையாது.

எதிரே இருந்த டாக்டரம்மாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரிடம் தடுப்பூசி இருந்தது. கொண்டு சேர்க்க ஆளில்லை. என்னிடம் ஊருக்கு ஊர் ஆள் இருந்தது. பேசப் பேச உற்சாகம் தொற்றிக்கொண்டது. அடுத்த மாதமே சேர்ந்து ஆரம்பிப்பதென்று முடிவானது.

"தரகர் பார்த்திருந்தா மனசு குளிர்ந்திருக்கும்" என்றார் ஆராய்ச்சிக்காரர்.

கதவு திறந்தது. பிணவறை ஊழியர் வெளியே வந்தார்.

"அவர் போன்ல அடிக்கடி பேசினவங்கன்னுதான் உங்களை வரச் சொன்னோம். தனியா ரூம்ல செத்துக் கிடந்திருக்கார். நாத்தம் வந்தப்புறம்தான் கதவை உடைச்சிருக்காங்க. உடம்பை வாங்கிக்க சொந்தக்காரங்க வரணும். பெண்டாட்டி, பிள்ளை, அண்ணன் தம்பி யாராவது உண்டா? எந்த ஊர்க்காரர்?"

"எங்களுக்கு அவர் நம்பர் மட்டும்தாங்க தெரியும்" என்றேன்.

"சரி, தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டுச் சொல்லுங்க."

டாக்டரம்மா போனை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

"யாரையாவது கண்டுபிடிக்கணும்னா, நாங்க அவரைத்தாங்க கேப்போம்."