வெளியூர்க்காரர் வாங்கிய படம்

பெரியக்கா இருந்தார். அவருடைய தம்பி இருந்தான். தம்பியின் மனைவி இருந்தாள். படங்களைக் கழற்றித் தர பிரேம் கடைக்காரர் வந்திருந்தார்.

அவ்வளவுதான். ஓவியக் கேலரியின் கடைசி நாளில் "நானும் அங்கே இருந்தேன்" என்று வேறு யார் சொன்னாலும், அவர்கள் போன வாரமே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர்கள்.

கட்டடம் கைமாறிவிட்டது. இடிக்கப் போகிறார்கள்.

பெரியக்கா அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும். காலையிலிருந்து நின்று நின்று முழங்கால் இரண்டும் கெஞ்சின. ஆனாலும் நாற்காலி பக்கம் போகவில்லை. மற்றவர்கள் தூக்கி இறக்கும்போது வீட்டுக்கு மூத்தவர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் நன்றாக இருக்காது.

படங்கள் இறங்க இறங்க, சுவரில் அவை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. மழைக்கு ஒதுங்கியவர்கள், பஸ்ஸுக்கு நேரமிருந்தவர்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் இந்தச் சுவர்களின் முன்னால் வாயடைத்து நின்றிருக்கிறார்கள்.

கடைசியில் ஒரே ஒரு படம் பாக்கி. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர். படத்தில், நாற்காலி முதுகில் காயப் போட்ட ஈரச் சட்டை. தம்பி வரைந்து, நாலு பேர் பார்க்க மாட்டிய முதல் படம்.

அதன் பெயர் அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. படம் விலைபோய்விட்டது என்பதற்கு அப்படி ஒட்டுவது கேலரி வழக்கம்.

ஒட்டியவர் பெரியக்கா.

கேலரி திறந்த நாள் அது. சாயங்காலத்துக்குள் ஒன்றாவது விலைபோகாவிட்டால், தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுநாளே தன் கடையில் வந்து உட்கார வேண்டும் என்று அப்பா எல்லார் முன்னாலும் தம்பியிடம் சொல்லியிருந்தார். விளக்குப் போடும் நேரம்வரை ஒன்றும் போகவில்லை. தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பெரியக்கா அந்தப் பொட்டை ஒட்டினார். ஒரு வெளியூர்க்காரர் வாங்கிவிட்டார், அப்புறம் வந்து எடுத்துக்கொள்வார் என்றார்.

அப்பா பொட்டைப் பார்த்தார். வீட்டுக்குப் போனார். தம்பி கடைக்குப் போகவில்லை.

பிறகு அவன் படங்கள் நிஜமாகவே விலைபோயின. பேரும் வந்தது. ஆனால் என்னை நிமிர்த்தி வைத்தவர் முகம் தெரியாத அந்த வெளியூர்க்காரர்தான் என்று மேடை கிடைத்தபோதெல்லாம் சொன்னான்.

வெளியூர்க்காரர் மட்டும் வரவே இல்லை.

மற்றப் பொட்டுகள் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். இது மட்டும் நேற்று ஒட்டியதுபோல் பளிச்சென்று இருந்தது. நல்ல கடைச் சரக்கு என்று பெரியக்கா நினைத்துக்கொள்வார். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து முடித்ததும் அந்தச் சுவரைத் தம்பி யாரையும் தொட விடமாட்டான், அவனே மாட்டுவான். முதல் படத்தின் மேல் உள்ள பாசம் என்று அதையும் விட்டுவிட்டார்.

இன்றைக்கு என்ன சொல்வது? பொய்யை மாட்டி வைத்திருந்த சுவரே போகப் போகிறது. வெளியூர்க்காரர் செத்துப்போனார் என்று சொல்லிவிடலாம். ஆனால் இத்தனை வருஷம் கட்டிக் காத்த மனிதரைக் கொல்ல மனம் வரவில்லை.

"இன்னிக்காவது வருவாரா அண்ணி, உங்க வெளியூர்க்காரர்?" என்றாள் தம்பி மனைவி. "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து கேக்கறேன். எனக்குப் பேத்தியே பொறந்தாச்சு."

"வருவார்."

குரல் நிமிர்ந்துதான் இருந்தது.

பிரேம் கடைக்காரர் படத்தை இறக்கினார். பெயர் அட்டையை உரித்தபோது பொட்டு தனியே கழன்று விழுந்தது. அதைப் பொறுக்கிப் பெரியக்காவின் கையில் வைத்தார்.

"என்னம்மா இது, இவ்வளவு தடியா இருக்கு?"

சட்டைப் பொத்தான் தடிமன். பெரியக்கா நகத்தால் ஓரத்தை நெம்பினார். சிவப்புக்குக் கீழே இன்னொரு சிவப்பு, கொஞ்சம் வெளுத்தது. அதற்கும் கீழே ரோஜா நிறம். இன்னும் கீழே இன்னும் எத்தனையோ. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று, நிறமே இல்லாமல்.

அடியில் இருந்ததுதான் அவர் ஒட்டியது. அவர் ஒட்டியது அந்த ஒன்றுதான்.

மற்றவற்றை ஒட்டியவன் தரையில் குந்தி, முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டி முடித்த ஒரு படத்துக்கு மறுபடியும் சணல் கட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்ல மறந்துட்டேன்க்கா" என்றான் திரும்பாமல். "வெளியூர்க்காரர் காலைல போன் பண்ணினார். உன் வீட்லயே மாட்டி வச்சுக்கச் சொன்னார்."

பெரியக்கா கையை மூடிக்கொண்டார்.

"நல்ல மனுஷன்" என்றார். "கொஞ்சம் முன்னாலயே பண்ணியிருக்கலாம்."

அன்றைக்கு முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

தம்பியின் முதல் படம் விலைபோகாமல் திரும்பி வந்து பெரியக்கா வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது என்று ஒரு பேச்சு உலவுகிறது.

தவறு. அது முதல் நாளே விலைபோன படம். வாங்கியவர் வெளியூர்க்காரர்.