உரிமம் வரும்வரை

துப்பாக்கி பழுதுபார்க்கும் தன் கடையைக் கிளமெண்ட் பேருந்து நிலையத்துக்கு அருகில் மாற்றியிருந்தார். புது முகவரிக்கு உரிமம் வரும்வரை, பழுதுக்கு வந்த துப்பாக்கிகளை அதிகாரிகள் அலமாரியில் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள்.

"காட்டுப்பன்னி மரவள்ளிய பூராத் தோண்டிப் போட்டிருச்சு. இன்னும் எத்தன நாளைக்குய்யா?" என்று துப்பாக்கியைப் பழுதுக்குக் கொடுத்திருந்த விவசாயிகள் ஆளாளுக்குத் திட்டினார்கள். கிளமெண்ட் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். சடையப்பன் மட்டும் திட்டவில்லை. தினமும் போனில், "வந்திருச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

ஒருநாள் சடையப்பனின் மனைவி பவளக்கொடி கடைக்கு வந்தாள். "மகன் செத்ததுல இருந்து அவரு தூங்குறதே இல்லண்ணே. துப்பாக்கிய மட்டும் அவரு கையில குடுத்துராதீங்க" என்றாள்.

உரிமம் வந்தது. பழுது பார்த்து முடித்த துப்பாக்கிகளைத் திரும்ப வாங்க வந்தவர்களோடு சடையப்பனும் நின்றார். அவர் முறை வந்ததும், "உங்களதுக்கு இன்னும் நாளாகும்ணே" என்றார் கிளமெண்ட். மற்றவர்கள் துப்பாக்கியோடு படியிறங்கிப் போவதைச் சடையப்பன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பவளம் வந்தாளா?"

கிளமெண்டுக்குப் பொய் சொல்ல வரவில்லை. தலையை ஆட்டினார்.

சடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் நெடுநேரம் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "அப்ப இங்கயே இருக்கட்டும்" என்றார்.