எலிக்கு வளர்த்தது

எலி குழந்தையின் கால்விரலைக் கடித்த பிறகுதான் பச்சையம்மா அந்தப் பூனைக்குட்டியைக் கொண்டுவந்தாள். எலிகள் போய்விட்டன. ஆனால் விளக்கை அணைத்ததும் குட்டி அண்டா மேல் ஏறும், கொடித்துணியில் தொங்கும், அவள் புருஷன் ஏகாம்பரத்தின் கால்விரலைப் பிடித்துக் கடிக்கும். அவன் மர அறுவை மில்லில் வாளுக்குக் கட்டை தள்ளுகிறவன். நேற்றுப் பகலில் கண் சொக்கி, கட்டையோடு கையும் போகப் பார்த்தது. பக்கத்தில் நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

பின்னிரவில் அது மறுபடி கடித்ததும் அவன் குட்டியைப் பிடித்துச் சாக்கில் போட்டான். "ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வரேன்."

"வுடு. எலி வெரட்டத்தான் நீ முழிச்சிருக்கியே."

"என் கை போனா இன்னா பண்ணுவே?"

"புள்ள வெரலு போனா நீ இன்னாய்யா பண்ணுவே?"

குட்டிக்குத் திரும்பும் வழி மறக்கட்டும் என்று அவன், எல்லோரும் செய்வதுபோல, சாக்கை மூன்று சுற்று சுற்றினான். தூக்கமில்லாத தலை, அவனுக்குத்தான் கிறுகிறுத்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். சாக்கிலிருந்து குட்டி தள்ளாடி வந்து அவன் மடியில் சுருண்டது.

"படுத்துக்கோயேன்யா, விடியப் போவுது" என்றாள் பச்சையம்மா.

அவன் காலைக்கூட நீட்டவில்லை. "மெதுவா பேசு. இப்பதான் தூங்குது."