எல்லாம் கற்பனை

“இத்தனை நாளா உங்க கதையில வர்ற பொண்ணுங்க எல்லாம் ‘அன்பானவள், பொறுமையானவள்’தான். இவ மட்டும் கண்ணு முன்னாடி வந்து நிக்கறாளே!” என்றாள் மனைவி, நாவலின் கைப்பிரதியை மூடியபடி.

“எல்லாம் கற்பனை.” பாராட்டில் எழுத்தாளருக்குத் தலைகால் புரியவில்லை.

“போன் பேசறப்போ தோட்டைக் கழட்டி உள்ளங்கையில வெச்சுக்கறா. தூக்கத்துல பல்லைக் கடிக்கறா. இதெல்லாம் எப்படிங்க தோணுது?”

“தானா வரும்.”

அழைப்பு மணி அடித்தது. கைப்பிரதி வாங்கப் பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மனைவி அவளை உட்காரச் சொல்வதற்குள் அவளுடைய போன் ஒலித்தது.

“ஒரு நிமிஷம்க்கா” என்றவள், தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

எழுத்தாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவி அவர் அருகில் வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

“தூக்கத்துல பல்லைக் கடிக்கறது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”