இருபத்தேழு தடவை

"ஒன்பதாம் நம்பர் மட்டும் ஏன் இத்தனை தடவை நிக்குது?"

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கட்டிங் ஹாலில், புதிதாக மாட்டிய பெரிய டி.வி.யைப் பார்த்தபடி கேட்டார் மேனேஜர் சமீருல்லா.

திரையில் பன்னிரண்டு கட்டங்கள். தோல் வெட்டும் பிரஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. காலையிலிருந்து எத்தனை தடவை நின்றது என்று கீழே ஒரு எண். பதினோரு கட்டங்களில் ஒன்று, இரண்டு என்று இருந்தது. ஒன்பதில் இருபத்தேழு.

"டேட்டா அப்படித்தான் சார் வருது," என்றாள் தீபலட்சுமி. வேலூர் கம்பெனி ஒன்றிலிருந்து வந்து, மெஷினுக்கு மெஷின் ஒரு சின்னப் பெட்டி பொருத்தி, எல்லாம் ஒரே வெப் பேஜில் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தவள். முதலாளி வக்கார் அகமது சென்னையில் உட்கார்ந்தபடியே போனில் அதைப் பார்க்கலாம்.

"மெஷின் நிக்கல. அம்சவேணி நிறுத்துறா," என்றார் சமீருல்லா.

ஒன்பதாம் மெஷினை ஓட்டுகிறவள் அம்சவேணி. போன மாதம், பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்று எல்லார் முன்னாலும் நின்று கேட்டவள். அன்றிலிருந்தே அவள் மேல் சமீருல்லாவுக்குக் கடுப்பு.

"இன்னிக்கு ரிப்போர்ட்டை பிரிண்ட் எடும்மா. அவளுக்கு மெமோ குடுக்கணும்."

"எதுக்கும் ஒரு தடவ நேர்ல பாத்துட்டு குடுக்கலாமே சார்."

சமீருல்லா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் குடியாத்தம், அவளும் குடியாத்தம். இல்ல?"

தீபலட்சுமி பிரிண்ட் பட்டனை அழுத்தினாள்.

சமீருல்லா அம்சவேணியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இன்னாம்மா, நடுவுல நடுவுல போன் பாக்குறியா?"

"போன் லாக்கர்ல இருக்குது சார். மெஷின் தானா நிக்குது."

"மத்த பதினொண்ணும் நிக்கலையே?"

"அது எனக்குத் தெரியாது சார்."

அவர் நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். சாயங்கால டீ நேரம் முடிந்ததும், தோல் அடுக்கியிருந்த ரேக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அம்சவேணி தோலை விரித்தாள். வெட்டும் அச்சான டையை அதன் மேல் வைத்தாள். பெடலை மிதித்தாள். பிரஸ் இறங்கி ஏறியது. வெட்டிய துண்டை எடுத்துவிட்டு மறுபடி விரித்தாள். போனும் இல்லை, பேச்சும் இல்லை.

ஏழாவதோ எட்டாவதோ துண்டு. தோலில் ஒரு மடிப்பு. இடது கையால் அதை நீவிவிட்டவள், கையை எடுப்பதற்குள் பெடலை மிதித்துவிட்டாள்.

இறங்கிய பிரஸ், பாதியிலேயே நின்றது.

திரையில் இருபத்தெட்டு.

சமீருல்லா வெளியே வந்தார். "இப்ப ஏன் நின்னுச்சு?"

"கை உள்ள இருந்துச்சு சார். சென்சார் நிறுத்திடுச்சு. டார்கெட் அவசரத்துல எல்லாருக்கும் இப்படி ஆவும்."

"எல்லாருக்கும் ஆவும்னா அவங்க மெஷினும் நிக்கணுமே?"

கேட்டபடியே பக்கத்து எட்டாம் நம்பரைப் பார்த்தார். அங்கேயும் ஒரு கை மடிப்பை நீவிக்கொண்டிருந்தது. பிரஸ் இறங்கியது. கை வெளியே வந்ததற்கும் பிரஸ் தோலில் மோதியதற்கும் நடுவே ஒரு கண் சிமிட்டும் நேரம்தான்.

பிரஸ் நிற்கவே இல்லை.

"அஃப்ரோஸ்," என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "எட்டுல சென்சார் ரிப்பேரா?"

அஃப்ரோஸ் தலையைச் சொறிந்தான். "ரிப்பேர் இல்ல சார். வயரைக் கழட்டி வெச்சிருக்குது. பதினோரு மெஷின்லயும் அப்படித்தான். ஒன்பது மட்டும் அதுக்கப்புறம் வந்த புது மெஷின்."

"எவன் கழட்டச் சொன்னது?"

"நீங்கதான் சார். ரெண்டு வருஷம் முன்னாடி, அந்த இத்தாலி ஆர்டர் அப்போ. சும்மா சும்மா நிக்குது, பேஜாரா இருக்கு, கழட்டிப் போடுன்னு சொன்னீங்களே."

சமீருல்லாவுக்கு ஞாபகம் வந்தது.

தீபலட்சுமி மெதுவாகச் சொன்னாள். "அப்படின்னா சார், மத்த மெஷின்லயும் தினம் இதே மாதிரி இருபத்தஞ்சு, முப்பது தடவ கை உள்ளதான் இருக்குது. மெஷின்தான் நிக்கல."

அவர் அந்த ஹாலை ஒரு தடவை பார்த்தார். வரிசையாகக் கைகள். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக.

"அந்தப் பதினோரு மெஷினையும் நிறுத்துப்பா. சென்சார் மாட்டாம ஒண்ணையும் ஆன் பண்ணக் கூடாது."

"நானும் நிறுத்தணுமா சார்?" என்றாள் அம்சவேணி.

"நீ ஓட்டும்மா."

திரை முழுக்கச் சிவந்தது. ஒன்பது மட்டும் பச்சை.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சென்னையிலிருந்து முதலாளி போன்.

"இன்னா சமீர், ஒரே சிவப்பா இருக்குது? யார் பண்ண வேலை இது?"

"நான் பண்ணதுதான் பாய். போன வருஷம் நாலாம் நம்பர்ல ரெண்டு விரல் போச்சே, ஃபஹீமுக்கு. அவன் கவனமில்லாம வேலை பாத்தான்னு ரிப்போர்ட் எழுதினேன். அதை மாத்தி எழுதணும் பாய்."